மக்கின்டோஷில் செய்த ஊர் மலர்கள்: விண்டோஸில் திறக்காத கோப்புகளை வாசிப்பது எப்படி?

கோண்டாவில் வாசி எழுதியது:

எங்கள் சனசமூக நிலையத்தின் பழைய ஆண்டு மலர்களை மீண்டும் அச்சிட விரும்புகிறோம். 1990களில் வந்த சில மலர்களுக்கு ஊரில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. 1995 இடப்பெயர்வோடு எல்லாம் போய்விட்டன. அவற்றைக் கனடாவில் இருந்த எங்கள் ஊரவர்களே மக்கின்டோஷ் கணினியில் பக்கம் அமைத்து அச்சிட்டார்கள். அந்தக் கோப்புகள் இப்போது ஒரு பென்டிரைவில் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. எதையும் வாசிக்க முடியவில்லை.

சில கோப்புகளின் பெயர் எச்கியூஎக்ஸ் என்று முடிகிறது. நோட்பேடில் திறந்தால் முதல் வரியில், இந்தக் கோப்பை பின்ஹெக்ஸ் 4.0 கொண்டு மாற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கீழே ஒரு முக்காற்புள்ளி, பிறகு பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த குவியல். வேறு சில கோப்புகளுக்குப் பின்னொட்டே இல்லை. எழுத்துருக்கள் என்று பெயரைக் கொண்டு ஊகிக்கக்கூடியவற்றின் அளவு 0 பைட் என்று காட்டுகிறது.

நகரில் ஒரு கடையில் காட்டினோம். கோப்புகள் பழுதாகிவிட்டன, வைரஸாகவும் இருக்கலாம், அழித்துவிடுங்கள் என்றார்கள். அழிக்க மனம் வரவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கஸ்தூரியார் வீதி எழுதியது:

அழிக்காதீர்கள். நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அந்த எச்கியூஎக்ஸ் கோப்புகள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. முதல் வரியும் அதை அடுத்து வரும் முக்காற்புள்ளியும் அந்த முறையின் அடையாளங்கள். ஒரு கோப்பின் கடைசிவரை போய்ப் பாருங்கள். அங்கும் ஒரு முக்காற்புள்ளி இருந்தால் கோப்பு முழுமையாக வந்திருக்கிறது. இல்லையென்றால் இடையில் அறுந்திருக்கிறது.

வேறு எதையும் செய்வதற்கு முன் பென்டிரைவில் உள்ளதை அப்படியே இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். ஒரு படியைத் தொடவே வேண்டாம். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணை எடுத்துக் குறித்து வையுங்கள். பின்னர் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

நோட்பேடில் திறந்து பார்ப்பதால் தீங்கில்லை. ஆனால் மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். பழைய மக்கின்டோஷ் வரியை முடிக்க 13ஆம் எண் குறியை மட்டும் இடும். யுனிக்ஸ் 10ஆம் எண்ணை இடும். விண்டோஸ் இரண்டையும் சேர்த்து இடும். 2018ஆம் ஆண்டு விண்டோஸ் 10 பதிப்பு வரும்வரை நோட்பேட் முதல் இரண்டையும் வரி முடிவாகவே அறியவில்லை. வெறும் எழுத்துக் கோப்பில் இதனால் பெரிய சேதம் வராமல் போகலாம். பின்னொட்டு இல்லாத கோப்புகளோ இரும வடிவிலானவை. அவற்றை நோட்பேடில் சேமித்தால் மீட்க வழி இல்லை.

பருத்தித்துறை மாணவி எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். இப்படிக் குழம்பிய எழுத்துகள் வந்தால் அது கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பாக இருக்காதா? பூட்டியிருந்தால் திறவுகோல் இல்லாமல் என்ன செய்வது?

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

தங்கச்சி, இதில் பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. மாற்றும் விதி எல்லோருக்கும் தெரிந்தது. எவரும் திருப்பி மாற்றலாம். நான் அந்தக் காலத்தில் இங்கே கனடாவில் ஒரு தமிழ் வார இதழில் பக்கம் அமைக்கும் வேலை செய்தேன். ஒவ்வொரு வாரமும் இதே வகைக் கோப்புகளைத்தான் அனுப்பினோம், பெற்றோம். ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரிந்தால் அவிழ்ப்பதும் எளிதாகும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய மக்கின்டோஷ் கோப்பு மற்றக் கணினிகளின் கோப்பைப் போன்றதல்ல. ஒரே பெயரின் கீழ் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று தரவுப் பகுதி: நீங்கள் எழுதிய கட்டுரை அதில் இருக்கும். மற்றது வளப் பகுதி: எழுத்துரு வடிவங்கள், சின்னங்கள், பட்டியல்கள் போன்றவை அதில் இருக்கும். இவை தவிர, கோப்பின் வகையையும் அதை உருவாக்கிய மென்பொருளையும் சொல்லும் நான்கெழுத்துக் குறிகள் இரண்டு உண்டு. வேர்ட் உருவாக்கிய கோப்பு என்றால் எம்எஸ்டபிள்யூடி. கணினி அந்தக் குறியைப் பார்த்தே எதைக் கொண்டு திறப்பது என்று முடிவு செய்யும். பெயருக்குப் பின்னொட்டு வைக்கும் தேவை எங்களுக்கு இருக்கவில்லை. உங்கள் கோப்புகள் பலவற்றில் பின்னொட்டு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

இப்படி இரண்டு பகுதி கொண்ட கோப்பை வேறு கணினி வழியாக அனுப்பினால் வளப் பகுதி வழியில் உதிர்ந்துவிடும். அக்கால மின்னஞ்சல் ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே பழுதின்றிக் கடத்தியது. எட்டாவது பிட்டைப் பல இடங்களில் வெட்டிவிடுவார்கள். இரண்டு தொல்லைக்கும் சேர்த்து வந்த தீர்வுதான் பின்ஹெக்ஸ். 1985இல் வந்த 4.0 பதிப்பு இரண்டு பகுதிகளையும் வகைக் குறிகளையும் ஒன்றாகக் கட்டி, பாதுகாப்பான 64 எழுத்துகளால் மட்டும் எழுதிவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே உண்டு. அவிழ்க்கும்போது பிழை வந்தால் அந்த எண் உடனே சொல்லிவிடும்.

பெரும்பாலும் கோப்பை முதலில் ஸ்டஃபிட் கொண்டு சுருக்கிவிட்டு அதன்மேல் பின்ஹெக்ஸ் சுற்றுவோம். ஸ்டஃபிட்டை 1987இல் ரேமண்ட் லாவ் என்னும் பள்ளி மாணவர் எழுதினார். ஆகவே ஒரு உறையை அவிழ்த்ததும் உள்ளே எஸ்ஐடி என்று முடியும் இன்னொரு உறை வந்தால் தடுமாற வேண்டாம்.

கஸ்தூரியார் வீதி எழுதியது:

நன்றி அண்ணா, இது தெரியாமல்தான் கடைகளில் பழுது என்று சொல்லிவிடுகிறார்கள்.

கோண்டாவில் வாசிக்கு: சுருக்கிய கோப்புகளை அவிழ்க்கும் செவன்-சிப் மென்பொருள் இந்த இரண்டு வகையையும் திறக்காது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உனார் என்ற இலவச மென்பொருள் பின்ஹெக்ஸ், அதைப் போன்ற இன்னோர் உறையான மக்பைனரி, ஸ்டஃபிட் எல்லாவற்றையும் அவிழ்க்கும். உபுண்டு லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவலாம். மக் கணினி வைத்திருப்பவர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த தி அன்ஆர்க்கைவரைப் பயன்படுத்தலாம். உனாரை இயக்கும்போது வளப் பகுதியைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கும் தெரிவைக் கொடுங்கள். அது ஆர்எஸ்ஆர்சி என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வந்து அமரும். தவிர்க்கும் தெரிவைக் கொடுத்துவிட்டால் எழுத்துருக்கள் போய்விடும்.

பின்னொட்டில்லாத கோப்புகளுக்கு லினக்ஸின் ஃபைல் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது பெயரைப் பார்க்காமல் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து வகையைச் சொல்லும். சிப் கோப்பு பீ, கே என்ற எழுத்துகளோடு தொடங்கும். பழைய ஸ்டஃபிட் எஸ், ஐ, டி, வியப்புக்குறி என்று தொடங்கும்.

கோண்டாவில் வாசி எழுதியது:

உனார் வேலை செய்தது! தம்பி ஒருவரின் மடிக்கணினியில் உபுண்டு இருந்தது. எச்கியூஎக்ஸ் கோப்பிலிருந்து எஸ்ஐடி வந்தது, அதிலிருந்து ஒரு கோப்புறை வந்தது. உள்ளே பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள், வேர்ட் கோப்புகள், எழுத்துருக்கள், படங்கள் சில. சரிபார்ப்புப் பிழை எதையும் அது சொல்லவில்லை.

ஆனால் அடுத்த இடத்தில் நின்றுவிட்டேன். வேர்ட் கோப்பு ஒன்றை லிப்ரே ஒஃபிஸில் திறந்தேன். திறக்கிறது, பந்தி பிரிந்திருக்கிறது. ஆனால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் நிற்கின்றன. எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி. ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசை அடிக்கடி வருகிறது.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன அந்த ஐந்து குறிகளும் சேர்ந்தால் "தமிழ்" என்ற சொல். அது பாமினி எழுத்துரு. ஜே என்பது த, கே என்பது ம, பீ என்பது இகர விசிறி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது மேலே வைக்கும் புள்ளி. ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், இஸட், கே, அரைப்புள்ளி என்ற வரிசையைத் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணம் என்பது அப்படித்தான் இருக்கும். ஊர் மலரில் அது வராமல் இருக்காது.

கோப்பில் உள்ளது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். பாமினி எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் போர்வை இல்லை. பாமினியை நிறுவி அந்தப் பந்திகளுக்கு அதைக் கொடுத்தால் உடனே தமிழ் தெரியும்.

ஒரு வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுக்கும். பாமினி பெரும்பாலும் 128க்குக் கீழ்ப்பட்ட எண்களைப் பயன்படுத்துகிறது. அந்தப் பாதி மக்கிலும் விண்டோஸிலும் ஒன்றே. திஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் தமிழ் எழுத்துகள் மேல்பாதியில் இருக்கின்றன. அங்கேதான் இரண்டு இயங்குதளங்களும் பிரிந்துபோகின்றன. பிரெஞ்சில் வரும், மேலே சாய்கோடு இட்ட ஈ (é) எழுத்துக்கு மக்கின்டோஷில் எண் 142, விண்டோஸில் 233. இடையில் உதவி செய்வதாக நினைத்து ஒரு மென்பொருள் 142ஐ 233 ஆக்கினால் பிரெஞ்சுக் கட்டுரைக்கு நல்லது. தமிழ் எழுத்துருவுக்கோ ஒரு எழுத்து வேறோர் எழுத்தாகிவிடும். அட்டவணையில் இணை இல்லாத குறிகள் கேள்விக்குறியாகும். கேள்விக்குறியான பின் மீட்க முடியாது. அதனால்தான் பழைய கோப்பை மின்னஞ்சலின் உடலில் ஒட்டி அனுப்பாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

மானிப்பாய் ஆசிரியர் எழுதியது:

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. கனடாவில் அச்சுப் பிரதி இருக்குமே. அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தட்டச்சுத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். நான் ஒரு பழைய நூலை எழுத்து மாற்றி மென்பொருள் மூலமாக ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) கொண்டுவந்ததைச் சரிபார்த்திருக்கிறேன். பிழை பொறுக்க முடியாத அளவில் இருந்தது.

கோண்டாவில் வாசி எழுதியது:

ஐயா, அச்சுப் பிரதி ஒரு மலருக்குத்தான் கிடைத்தது. மற்றவற்றுக்கு இந்தக் கோப்புகளைத் தவிர வேறு மூலம் இல்லை. அதில் ஊரின் குளங்கள், வாசிகசாலை, மறைந்த பெரியவர்கள் பற்றிய கட்டுரைகள் இருக்கின்றன. எழுதியவர்களில் பலர் இன்று இல்லை.

கஸ்தூரியார் வீதி எழுதியது:

ஐயா சொல்லும் பிழைகள் உண்மையானவை, ஆனால் அவை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்த இடத்தில் தேடித் திருத்தலாம்.

பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம்: முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு கால். ஒருங்குறியில் மெய் முதலில், உயிர்க்குறி அடுத்து. ஆகவே மாற்றி மூன்று குறி கொண்ட "கொ" வகையை முதலில் மாற்றிவிட்டுத்தான் "கெ" வகைக்குப் போக வேண்டும். அவசரத்தில் எழுதிய மாற்றிகள் இந்த ஒழுங்கைக் குழப்பிவிடுகின்றன.

அடுத்தது ஔகாரம். அதன் வலப்பக்கக் குறிக்கும் ள எழுத்துக்கும் பாமினியில் ஒரே விசைதான். கௌரி என்று அடித்ததும் கெ-ள-ரி என்று அடித்ததும் கோப்பில் ஒன்றே. மாற்றி ஊகிக்கத்தான் வேண்டும். தவறாக ஊகித்தால் திரையில் பார்க்க வேறுபாடு தெரியாது. தேடும்போது மட்டும் அந்தப் பெயர் அகப்படாது. கௌரி, சௌந்தரம், பௌர்ணமி, மௌனம் என்று வரும் சொற்களைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

ரகர ஒற்றும் அப்படியே. சிலர் ர விசையும் புள்ளியும் அடித்தார்கள். சிலர் காலின் மேல் புள்ளி வைத்தார்கள், தாளில் வடிவம் ஒன்றுபோல இருந்ததால். பெரிய எச் விசையிலும் ஒரு ர் உண்டு. ஒரே மலரில் இரண்டு தட்டச்சாளர்கள் இருந்திருந்தால் இரண்டு பழக்கமும் கலந்திருக்கும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வேர்ட்டர் விண்டோஸில் இணையம் இல்லாமலே இயங்கும். பாமினி அதில் உண்டு. இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்கள் வசதியானவைதான். ஆனால் பழைய மலர்களில் நன்கொடையாளர் பட்டியலும் வீட்டு முகவரியும் இருக்கும். அவற்றை முகம் தெரியாத ஒரு சேவையகத்துக்கு அனுப்புவது சரியல்ல.

பருத்தித்துறை மாணவி எழுதியது:

இடையில் உண்மையான ஆங்கிலம் வந்தால் என்ன ஆகும்? கோப்பை முழுதாக மாற்றியில் போட்டால் அதுவும் தமிழாகி உளறாதா?

கஸ்தூரியார் வீதி எழுதியது:

சரியான கேள்வி. உளறும். ஆகவே வெறும் எழுத்தாக வெளியே எடுத்து ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. வேர்ட் கோப்பில் எந்தப் பகுதிக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் இருக்கிறது. லிப்ரே ஒஃபிஸில் தேடும் பெட்டியில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பாமினி இட்ட பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள், டைம்ஸ் போன்ற ஆங்கில எழுத்துரு இட்டவற்றை விட்டுவிடுங்கள். மின்னஞ்சலில் வெற்றெழுத்தாக வந்த கட்டுரைகளுக்கு இந்த வசதி இல்லை. அங்கே கண்ணால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

பேஜ்மேக்கர் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. மலரின் இறுதி வடிவம் அதில்தான் இருக்கும். வேர்ட் கோப்பில் இருப்பது திருத்தத்துக்கு முந்தியது. நாங்கள் கடைசித் திருத்தங்களையெல்லாம் பக்கத்திலேயே செய்வோம், வேர்ட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. ஆகவே இரண்டும் முரண்பட்டால் பேஜ்மேக்கரை நம்புங்கள்.

பழைய மக் வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் 2013இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து வாசிக்கிறது. பேஜ்மேக்கரை 2015இல் வந்த 4.4இலிருந்து. பக்க அமைப்பு சற்றுக் குலையும், எழுத்து வந்துவிடும். அடோபி இன்டிசைன் சிஎஸ்6 என்ற பக்க அமைப்பு மென்பொருளை வைத்திருக்கும் அச்சகம் ஏதாவது இருந்தால் பேஜ்மேக்கர் 6இலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் செய்த கோப்புகளை அதில் நேரடியாகத் திறக்கலாம். அமைப்பு நன்றாக வரும்.

மானிப்பாய் ஆசிரியர் எழுதியது:

வேறு மூலம் இல்லை என்றால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். சரிபார்ப்பை நான் செய்து தருகிறேன். ஒரு வேண்டுகோள்: ஊர்ப்பெயர், ஆட்பெயர், குறிச்சிப்பெயர் ஆகியவற்றை எந்த மென்பொருளின் சொற்பட்டியலையும் கொண்டு திருத்த வேண்டாம். எங்கள் காணிப்பெயர்கள் எந்த அகராதியிலும் இல்லை. மாற்றிய எழுத்தோடு, பாமினி இட்டு அச்சிட்ட பக்கத்தையும் எனக்குத் தாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பேன்.

கோண்டாவில் வாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அச்சிட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.

உனார் அவிழ்த்த கோப்புறைக்குள் எழுத்துருக்கள் முழுதாக இருக்கின்றன, ஆர்எஸ்ஆர்சி கோப்புகளாக. பென்டிரைவில் வெளியே தனியாக இருந்தவைதான் 0 பைட். ஏன் இப்படி? தலைப்புகளுக்கு வேறோர் எழுத்துரு போட்டிருக்கிறார்கள், அது வெளியே இருக்கும் கூட்டத்தில்தான் இருக்கிறது.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

மக் எழுத்துருவில் எல்லாமே வளப் பகுதியில் இருக்கும், தரவுப் பகுதி வெறுமை. உறையிட்டவை தப்பின; உறையில்லாமல் விண்டோஸ் வடிவ பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டவை உதிர்ந்தன. ஆனால் பென்டிரைவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்து பாருங்கள். புதிய மக் படியெடுத்திருந்தால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் ஒரு துணைக்கோப்பு அதே பெயரில் இருக்கும். வளப் பகுதி அதற்குள் இருக்கும். பழைய மக் படியெடுத்திருந்தால் ரிசோர்ஸ் டொட் எஃப்ஆர்கே என்ற மறைந்த கோப்புறை இருக்கும். குப்பை என்று நினைத்துப் பலர் இவற்றைத்தான் முதலில் அழிக்கிறார்கள். இருந்தால் ஃபொன்ட்போர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளைக் கொண்டு எழுத்துருவை மீட்கலாம்.

இரண்டும் இல்லையென்றால் அனுப்பியவரிடம் மூல வட்டு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஊர்ப் பகுதியில் இருக்கிறார் என்று தனிமடலில் சொல்லுங்கள், நானே போய்ப் பார்க்கிறேன். இறுவட்டானால் கோப்பு கோப்பாகப் படியெடுக்காமல் வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும். எச்எஃப்எஸ் என்ற பழைய மக் வட்டு வடிவத்தை 2019இல் வந்த கட்டலினா இயங்குதளப் பதிப்பிலிருந்து புதிய மக்குகளே வாசிப்பதில்லை, லினக்ஸ் வாசிக்கும். நெகிழ்வட்டானால் அதன் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். 1.44 எம்பி என்றால் யுஎஸ்பி வாசிப்பானே போதும். 800 கேபி என்றால் போதாது: மக் அந்த வட்டை எழுதும்போது தடத் தொகுதிக்கேற்பச் சுழலும் வேகத்தை மாற்றியது, சாதாரண வாசிப்பான் ஒரே வேகத்தில் சுழல்கிறது. அதற்குப் பழைய மக் வேண்டும், அல்லது காந்தப் பதிவை அப்படியே எடுக்கும் கிரீஸ்வீசல் போன்ற மின்னணுப் பலகை வேண்டும். பழைய மக் ஒன்று என்னிடம் இருக்கிறது, ஓடுகிறது.

கோண்டாவில் வாசி எழுதியது:

புள்ளியும் அடிக்கோடும் உள்ள கோப்புகள் இருக்கின்றன! ஒன்றிரண்டு எழுத்துருக்களுக்கு மட்டும் இல்லை. அனுப்பிய அண்ணாவிடம் இன்றே கேட்கிறேன், தனிமடலும் போடுகிறேன்.

பருத்தித்துறை மாணவி எழுதியது:

வேலை முடிந்ததும் மூலக் கோப்புகளையும் நூலக நிறுவனத்துக்குக் கொடுப்பீர்களா? 2005இலிருந்து நமது வெளியீடுகளை அவர்கள் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள். ஒருங்குறிக்கு மாற்றியதோடு உறையிட்ட பழைய கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால், எங்கள் மாற்றத்தில் பிழை இருந்தாலும் பின்னால் ஒருவர் மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். 1981இல் எரிந்த எங்கள் பொது நூலகத்தில் பலவற்றுக்கு வேறு படி இல்லை என்பதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்லுவார்கள். ஒரு பெட்டிக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

கோண்டாவில் வாசி எழுதியது:

நிலையக் கூட்டத்தில் இதை வைக்கிறேன், ஒப்புக்கொள்வார்கள். நன்கொடையாளர் முகவரிகள் உள்ள பக்கங்களை என்ன செய்வது என்றும் அங்கேயே கேட்டு முடிவு செய்கிறோம்.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

இன்னும் ஒன்று. பேஜ்மேக்கரில் பெரிய படங்கள் கோப்புக்குள் இருக்காது; வெளியே இருக்கும் படத்துக்கு ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். திரையில் மங்கலான முன்காட்சி தெரிவதைக் கண்டு படம் இருக்கிறது என்று நினைத்து அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு மலருக்கும் இணைப்புப் பட்டியலைத் திறந்து, காணாத படங்களின் பெயர்களை எழுதி அனுப்புங்கள். டிஃப், பிக்ட் வகைகளாக இருக்கும். வட்டுகள் கைக்கு வந்ததும் அந்தப் பெயர்களை வைத்தே தேடுகிறேன்.